பாதியில் நிற்காத சுவர்

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது பாசியின் மேல்தான். மனிதர்கள் மேல் வந்தது அதற்கு அப்புறம்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். திருநெல்வேலி டவுனில் வீடு. அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. காலையில் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் கிளம்புவோம். அவர் முன்வாசல் பக்கம், நான் பின்னால். இறங்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பஸ்ஸில் மகளிடம் பேசுவது அவருக்குக் கூச்சம்.

என் ஆய்வு ஸ்பைரோகைரா என்ற பச்சைப்பாசியில். ஓட்டமில்லாத தண்ணீரில், வாய்க்கால் ஓரத்தில், பச்சைத் தலைமுடி போல மிதக்குமே, கையில் அள்ளினால் வழுக்கிக்கொண்டு போகுமே, அதேதான். ஆற்றின் ஒதுக்குப்புறத்துக் குட்டைகளிலிருந்து எடுத்துவந்து கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு இழையும் நீளநீளமான செல்கள் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்தது. ஒவ்வொரு செல்லின் சுவரை ஒட்டியும் ஒரு பச்சை ரிப்பன் சுருள்சுருளாகச் சுற்றியிருக்கும். நடுவில், மெல்லிய இழைகளால் கட்டித் தொங்கவிட்டதுபோல, உட்கரு.

செல் பிரியும்போது உட்கரு முதலில் இரண்டாகும். பிறகு அந்த இரண்டுக்கும் நடுவே விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு சுவர் வளரும். சுருக்குப்பையின் வாயை இழுத்தால் எப்படி நாலா பக்கமும் ஒன்றாக மூடிக்கொண்டு வருமோ அப்படி. மூடி முடிந்தால் இரண்டு செல்கள், ஆளுக்கொரு உட்கரு.

இதை நிறுத்திப் பார்ப்பதுதான் என் வேலை. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவார்களே, செல்லுக்குள்ளும் அப்படி ஒரு சாரம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களால் ஆனது. உட்கருவை இரண்டாகப் பிரித்து இழுப்பது அந்தக் குழல்கள்தான். கால்ச்சிசின் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்தால் அவை கலைந்துபோகும். உட்கரு பிரிய முடியாமல் வீங்கி நிற்கும். சுவர் விளிம்பில் தொடங்கிப் பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிடும். எந்த அளவு மருந்துக்கு எது எது நிற்கிறது என்று பார்த்து வரைந்து வைப்பது என் ஆய்வு.

கால்ச்சிசின் கண்வலிக்கிழங்கில் இருக்கும் விஷம். எங்கள் பக்கத்தில் அந்தக் கிழங்கின் பேரைச் சொன்னாலே வீட்டில் முகம் மாறும். யாரோ ஒரு மருமகள், யாரோ ஒரு கடன்பட்ட விவசாயி என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை உண்டு. என் கைடு முதல் நாளே எச்சரித்துவிட்டார். அந்தக் காலத்தில் லேபில் எல்லோரும் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சித்தான் கரைசல் எடுப்போம். "இதை மட்டும் வாயில வைக்காதம்மா. ரப்பர் பல்பு போட்டு எடு. எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவு" என்றார்.

சாருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பரம்பரைச் சைவக் குடும்பம். நெற்றியில் பட்டையாகத் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. காண்டீனில் முட்டை பொரிக்கும் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். வெளியே ஒரு வாய் காபி குடிக்கமாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்க் வரும். கறாரானவர். ஆனால் நியாயஸ்தர் என்று பேர்.

லேபில் என்னைத் தவிர இன்னொரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். டவுனை அடுத்த பேட்டைக்காரி. அவள் அப்பா அங்கே ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். அவளுக்கு நெல் இலையில் வரும் பூஞ்சணத்தில் ஆய்வு. என்னை அக்கா என்பாள். அந்த வருஷம் துறைக்கு ஒரே ஒரு உதவித்தொகை வரப்போவதாகப் பேச்சிருந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமல் இருந்ததே சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மழைக்காலம் முழுக்க வேலை ஒழுங்காகப் போனது. ஸ்பைரோகைரா இருட்டில்தான் பிரியும் என்பதால், ஒரு மர அலமாரிக்குள் டியூப் லைட் மாட்டி, கறுப்புத் துணி போட்டு, அதன் இரவை நம் பகலாக்கி வைத்திருந்தேன். காலையில் கரைசல் விடுவேன். சாயங்காலம் இழைகளை எடுத்து, சாயம் ஏற்றிப் பார்ப்பேன். பாதிச் சுவர்களும் வீங்கிய உட்கருக்களுமாக எதிர்பார்த்ததெல்லாம் வரிசையாக வந்தன.

தை பிறந்த பிறகு ஒரு நாள், பாதியில் நிற்க வேண்டிய சுவர்கள் நிற்கவில்லை. முழுக்க மூடிக்கொண்டிருந்தன. ஆனால் உட்கரு பிரிந்திருக்கவில்லை. ஒரு பக்கத்துச் செல்லுக்குள் பெரிய உட்கரு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அடுத்த செல்லில் பச்சை ரிப்பன் இருந்தது, உட்கரு இல்லை. அப்படி ஒரு செல்லை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்த வாரம் இன்னும் மோசம். பாதிக்கும் மேற்பட்ட செல்கள் மருந்தே படாததுபோலச் சாவகாசமாகப் பிரிந்துகொண்டிருந்தன.

பாசிதான் மாறிவிட்டது என்று நினைத்தேன். வேறு குட்டையிலிருந்து புதிதாக அள்ளி வந்தேன். அதுவும் பிரிந்தது. பிறகு வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டேன். கால்ச்சிசினுக்கு வெளிச்சம் ஆகாது, பட்டால் வீரியம் போய்விடும். அதனால்தான் கரைசலைப் பழுப்பு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். அட்டெண்டர் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிட்டாரோ? அவரிடம் கேட்டேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் அந்தப் பாட்டில் பக்கமே போகமாட்டேன்மா. அது விஷம்லா" என்றார். நம்பாமல், பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். ஒட்டிய பிறகும் செல்கள் பிரிந்தன.

அப்புறம்தான் பேட்டைக்காரியைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருக்கும்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்தால் பார்வையை மாற்றுவாள். இரண்டு முறை, நான் சாப்பிட்டுத் திரும்பியபோது ஃபிரிட்ஜ் அருகே நின்றாள். என்ன வேண்டும் என்றால் ஒன்றும் இல்லை என்பாள். என் ஆய்வு தேங்கினால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டேன். விடை ஒன்றுதான் வந்தது.

பாட்டிலின் கறுப்புக் காகிதத்தைக் கொஞ்சம் கிழித்து, கரைசல் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்த வாரம் நான் கரைசலைத் தொடவில்லை. குறைகிறதா என்று மட்டும் பார்த்தேன். குறையவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்தபோது கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு ஏறி இருந்தது.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரைசல் தானாக ஏறாது. யாரோ எடுத்துக்கொண்டு, எடுத்தது தெரியாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றினவர் கை ஒரு சொட்டுக் கூடுதலாக ஊற்றிவிட்டது. பாசி அதை எனக்கு வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் பாசியையே சந்தேகப்பட்டேன்.

அதே நாட்களில் வீட்டிலும் ஏதோ சரியில்லாமல் இருந்தது. அம்மா திடீரென்று என் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை தலை முழுக நான் குறுக்குத்துறைக்குப் போனால் தானும் வருவேன் என்று கூடவே வந்து, தண்ணீரில் இறங்காமல் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்லூரிப் பையை நான் இல்லாத நேரம் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள் என்பது உள்ளே இருந்த சாமான்கள் இடம் மாறியிருந்ததில் தெரிந்தது. எனக்கு ஏதோ காதல் என்று நினைக்கிறாளோ என்று எரிச்சலாக இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை வீட்டார், நிச்சயம் வரை வந்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அவமானம் இருந்தது உண்மை. அந்த மாப்பிள்ளை மேல் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை லேபில் பேட்டைக்காரியை நேராகவே கேட்டுவிடுவது என்று போனேன். நான் தொடங்குவதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்க அந்தக் கரைசல எடுத்துட்டுப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். அவசரப்பட்டு ஒண்ணும் செஞ்சுராதீங்க. அந்த மாப்பிள்ளை போனா என்னக்கா?"

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. பாட்டிலில் மட்டம் இறங்கி ஏறுவதை எனக்கு முன்பே அவள் பார்த்திருக்கிறாள். கரைசல் என்னுடையது, கல்யாணம் நின்றது எனக்கு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, நான் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சேர்க்கிறேன் என்று முடிவு கட்டியிருக்கிறாள். பயந்துபோய்ச் சாரிடம் சொல்லியிருக்கிறாள். சார் என் அப்பாவைக் கோர்ட்டில் போய்ப் பார்த்து, மகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறார்.

நான் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. நீ எடுத்தாயா என்று கேட்டேன். அவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனபோது நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருந்தார். கொஞ்ச நாளாகவே அவர் ஷூவை விட்டு, வாரைத் தளர்த்திய ரப்பர் செருப்புதான் போட்டு வந்தார். கால் பெருவிரலில் கல் இடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கரைசலில் யாரோ கை வைக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிகட்டுகிறார்கள் என்றும், பாசி அதனால்தான் பிரிகிறது என்றும் சொன்னேன்.

அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீ ரொம்ப அலைஞ்சிட்டம்மா. ஒரு வாரம் வீட்டுல இரி. மனசு தெளிஞ்ச பொறவு வா, பைய செய்யலாம்" என்றார்.

அவரும் நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரத்தை மறக்க முடியாது. அம்மா என் காபியைத் தானே ஆற்றிக் கொடுப்பாள். குடித்து முடிக்கும்வரை நிற்பாள். அப்பா சீக்கிரம் வந்துவிடுவார். நான் சாகப் போவதில்லை என்று ஒருநாள் கத்தினேன். அதை நானாகவே சொன்னதும் அவர்கள் பயம் இன்னும் கூடிப்போனது.

திரும்பப் போனதும் செய்த முதல் வேலை, பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயார் செய்தது. லேபிளில் எழுதியிருந்த அதே அளவுதான், ஒரு துளி கூடவோ குறையவோ இல்லை. பாட்டில் மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் போட்டு அதன்மேல் என் கையெழுத்தைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா புளியோதரை செய்து துறைக்குக் கொடுத்தனுப்பினாள். மகள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று காட்டிக்கொள்ள நினைத்தாள் போலிருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டார்கள். வெளிச்சாப்பாடு தொடாத சாரும், சைவ வீட்டுச் சமையல் என்பதாலோ என்னவோ, ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாந்தியும் பேதியும் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திங்கள் காலை நான் லேபுக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. பேட்டைக்காரி என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. இரண்டு வாரம் முன்பு எனக்காகப் பயந்தவள், இப்போது என்னைக் கண்டு பயந்தாள். யார் மனதில் என்ன ஓடுகிறது என்பது தெரிந்தது. விஷம் இவள் கையில் இருக்கிறது, சார் இவளை வீட்டுக்கு அனுப்பினார், இவள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார், படுத்துவிட்டார். அதே சோற்றை அவர்களும் சாப்பிட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

நேராக ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒட்டுத்தாள் கத்தியால் கீறப்பட்டிருந்தது. கரைசல் குறைந்திருந்தது. இந்த முறை தண்ணீர் ஊற்றிச் சரிகட்ட எடுத்தவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

நூலகத்துக்குப் போனேன். மருந்துகளைப் பற்றிய தடிமனான பழைய புத்தகம் ஒன்று அங்கே உண்டு. கால்ச்சிசின் அதிகமானால் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் எடுத்தேன். வாந்தி, பேதி, வயிற்று எரிச்சல். அதே பக்கத்தின் மேலே, அதை மனிதர்களுக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று இருந்தது. மூட்டில் உப்புச் சேர்ந்து வீங்கும் ஒருவகை வாதத்துக்கு. பெரும்பாலும் கால் பெருவிரலில் வரும், துணி பட்டால்கூடத் தாங்காத வலி. ஆண்களுக்கு நடுவயதில். மதுவும் மாமிசமும் மிகுந்தவர்களுக்கு அதிகம்.

ஸ்டூல் மேல் நீட்டிய அந்தக் கால் என் கண்முன் வந்தது. பகலில் திறந்தே கிடந்தாலும், ஃபிரிட்ஜ் இருக்கும் அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று அட்டெண்டரிடம், ஒன்று சாரிடம். அட்டெண்டரைக் கேட்டேன், பேட்டைக்காரியைக் கேட்டேன். மூன்றாவது ஆளைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். டாக்டரிடம் கால்ச்சிசின் என்ற வார்த்தையை நான் சொன்னால், அதைக் கொடுத்தவள் நான் என்றுதான் முடியும். சொல்லாவிட்டால், கெட்டுப்போன சாப்பாடு என்று நினைத்து அதற்கான வைத்தியம் செய்துகொண்டிருப்பார்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால், ஒரு பெரிய மனிதர் மேல் பழி போட்டவள் ஆவேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வார்டில் சார் டிரிப்ஸ் ஏறும் கையோடு படுத்திருந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் எழவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"எங்க வீட்டுல அவுக பச்சத்தண்ணிகூட வெளிய குடிக்க மாட்டாவ. நீ என்னத்தம்மா குடுத்த?" என்றாள்.

கட்டில் அருகே போய்ச் சாரிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், பாட்டில்லேருந்து எவ்வளவு குடிச்சீங்க? டாக்டர்ட்ட சொல்லணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மனைவியை வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். அவள் போகவில்லை. எதுவானாலும் தன் முன்னால் சொல்லச் சொன்னாள். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மார்கழியில் முதல் தடவை வலி வந்ததாம். டாக்டர் சோதித்துவிட்டு முதல் கேள்வியாக, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு இவரை அறுத்துவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டவுனில் எந்த மருந்துக் கடையிலும் அது இல்லை, மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். சீட்டை நீட்டும்போது கடைக்காரர் வியாதியின் பேரைச் சொல்லி, "என்ன அண்ணாச்சி, உங்களுக்கா?" என்று கேட்டது இரண்டாவது அடி. அப்புறம் அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. மாத்திரையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். அதுவே தன் ஃபிரிட்ஜில், அளவு எழுதி, வடிகட்டிய தண்ணீரில் கலந்து, தயாராக இருந்தது. எடுத்தார். வலி நின்றது. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

ஊற்ற ஊற்றக் கரைசல் நீர்த்துக்கொண்டே போனது. வலி நிற்க இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டியிருந்தது. நான் வீட்டில் இருந்த வாரத்தில் ஏறக்குறைய வெறும் தண்ணீரைத்தான் நிறையக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பிவந்து நான் புதிதாகச் செய்து வைத்தது அவருக்குத் தெரியாது. ஒட்டுத்தாளைக் கண்டு, நான் யாரையோ பிடிக்கப் பார்க்கிறேன் என்றுதான் நினைத்தாராம். பழைய பழக்கத்தில் அதே நிறைந்த அளவைச் சனிக்கிழமை சாயங்காலம் குடித்திருக்கிறார்.

அவர் மனைவி அழவில்லை. "கால் வலிக்கின்னு என்ட்ட சொல்லக் கூடாதா? நானுமா உங்கள குடிகாரன்னு சொல்லீருவேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னையும் சந்தேகமாகத்தான் பார்த்தார், பிறகு சாரிடம் வந்து கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்து பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு மெல்ல வளர்ந்தது. மதுவும் மாமிசமும் தொடாதவர்களுக்கும் இந்த வியாதி வரும் என்று அந்த டாக்டர் அவர் மனைவி முன்னிலையிலேயே சொன்னார். சார் கேட்க விரும்பியது அதைத்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு விடும் நாளன்று போயிருந்தேன். அவர் மனைவி சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"நான் விஷம் சேக்கேன்னு எல்லாரும் நினைச்சப்போ, அது நானில்லன்னு உங்களுக்குத் தெரியும். எங்க அப்பாட்டயும் போய்ச் சொன்னீங்க. ஏன் சார்?"

"அந்தப் பிள்ளை வந்து சொன்னப்போ நான் மறுத்தா, பொறவு யாருன்னு தேடுவாங்கன்னு பயந்தேன்." மனைவி பக்கம் பார்த்துவிட்டு, "அதோட, நீயும் ஏதும் செஞ்சுக்கிடுவியோன்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு. அவ சொல்லச் சொல்ல, ரெண்டும் உண்மையா இருக்கலாம்னு தோணிச்சு" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னது உண்மையா, தன் மனதைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

துறையில் அவர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லிவிட்டார். அதாவது, என் அம்மாவின் புளியோதரை. நான் விடவில்லை. துறையில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், என் வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றேன். வந்தார். அப்பா நாற்காலியில் உட்காரவைத்து விசிறியைத் திருப்பிவிட்டார். பாட்டில் விஷயத்தில் உங்கள் மகள் மேல் எந்தத் தப்பும் இல்லை, கரைசல் குறைந்தது என்னால்தான் என்றார். எப்படி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காபியைக் குடித்தார். எங்கள் வீட்டில் அவர் காபி குடித்ததை அப்பா பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி, "அவரு எதுக்குட்டி உனக்காவ வந்து பொய் சொல்லுதாரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்தது. அதைப் புரிந்துகொண்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி யாருடைய மானத்தையும் காப்பாற்ற முடியாது என்று முடிவு செய்து, பெருவிரல், மருந்துக் கடை, தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள். "ஒரு வாத்தியாரு இப்படியா செய்வாரு?" என்றாள். நம்பினாளா என்பது தெரியவில்லை. அந்த வாரமும் என் பக்கத்தில்தான் பாய் போட்டாள்.

பேட்டைக்காரிக்கு நான் சொல்லவில்லை. துறையில் யாரிடமும் சொல்வதில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் அதன்பிறகு என்னோடு நன்றாகத்தான் பழகினாள், ஆனால் நான் ஊற்றிக் கொடுக்கும் டீயைக் குடிப்பதைத் தவிர்த்தாள். உதவித்தொகை அவளுக்குப் போனது. அது அவள் நன்றாக வேலை செய்ததால்தான் என்று இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

அந்தத் தை, மாசி மாதத்து முடிவுகளையெல்லாம் தூக்கிப்போட்டேன். எந்த நாளில் எவ்வளவு நீர்த்திருந்தது என்று யாருக்கும் தெரியாத கரைசலை வைத்து ஒன்றும் எழுத முடியாது. ஆனால் உட்கரு இல்லாத அந்தச் செல் மனதைவிட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் நான் வலுவான அளவுகளில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வேண்டுமென்றே மிகச் சிறிய அளவுகளை நானே அளந்து கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். வந்தது. ஒரு குறிப்பிட்ட அளவு வரை உட்கரு பிரியத் தவறும், சுவரோ தவறாமல் வந்து மூடிவிடும். அளவு கூடினால்தான் சுவரும் நிற்கும். அப்படியானால் இரண்டு வேலைகளும் சாரத்தை ஒரே மாதிரி நம்பியிருக்கவில்லை. சுவர் எழுப்புவதற்கு வேறு பிடிமானமும் இருக்க வேண்டும். என் தீசிஸில் ஐந்தாவது அத்தியாயம் அது. உட்கரு இல்லாத செல்களைத் தனியே வைத்து வளர்த்தேன். அவை பச்சையாகவே இருந்தன, வெளிச்சத்தில் மாவுச்சத்தும் சேர்த்தன. பல நாள் அப்படியே கிடந்தன, பிரியவில்லை, பிறகு வெளுத்துப்போயின.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், மற்ற அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு ஐந்தாவதில் நின்றார். இவ்வளவு குறைந்த அளவில் பார்க்கலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். என் கைடு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். முடி மறுபடி அடர்த்தியாகியிருந்தது, ஷூ போட்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரைசல் ஒருமுறை எதிர்பாராமல் நீர்த்துப்போனது, அதிலிருந்து கிடைத்த யோசனை என்று சொன்னேன். எப்படி நீர்த்தது என்று அந்தப் பேராசிரியர் அடுத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.